24 ஆண்டா, 40 ஆண்டா? வாஷிங்டன் நகரின் சட்டம் தோற்ற கதை

2023 மார்ச் 6. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் நகர மன்றத் தலைவர் ஃபில் மெண்டல்சன் செனட் சபைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நாங்கள் உங்கள் பார்வைக்கு அனுப்பிய குற்றவியல் சட்டத்தைத் திரும்பப் பெறுகிறோம், இனி அதன் மீது வாக்கெடுப்பு தேவையில்லை என்பது கடிதத்தின் சாரம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஆட்டத்தைக் கலைத்துவிடப் பார்த்தார், அவ்வளவுதான். செனட் மசியவில்லை. அனுப்பியதைத் திரும்பப் பெறலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே என்றார்கள். இரண்டு நாள் கழித்து வாக்கெடுப்பு நடந்தது. நகரத்தின் சட்டத்தை ரத்து செய்ய 81 பேர், வேண்டாம் என்று 14 பேர்.

மார்ச் 20-ஆம் தேதி அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். 2023 ஜனவரியில் பதவியேற்ற புதிய காங்கிரஸ் நிறைவேற்றிய முதல் சட்டமே அதுதான்: பொதுச் சட்டம் 118-1. நகரம் எழுதியது நானூறு பக்கத்துக்கு மேல். நாங்கள் இதை ஏற்கவில்லை என்று காங்கிரஸ் சொல்ல ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

இங்கே காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, அமெரிக்க நாடாளுமன்றம். பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதற்கு இரண்டு அவைகள். வாஷிங்டன் எந்த மாநிலத்துக்குள்ளும் இல்லை; அதுவே ஒரு மாநிலமும் இல்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6,89,545. வயோமிங், வெர்மான்ட் என்ற இரண்டு முழு மாநிலங்களைவிட அதிகம். ஆனால் செனட்டில் அவர்களுக்கு ஆளே கிடையாது. பிரதிநிதிகள் சபையில் ஒருவர் உண்டு, பேசலாம், மசோதாவின் மீதான இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது. 1991 முதல் அந்த இடத்தில் இருப்பவர் எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன். டெல்லியில் போலீஸ் யார் கையில் என்ற சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஓரளவு பழகிய காட்சிதான். ஆனால் டெல்லிக்காரர்கள் மக்களவைக்கு 7 பேரையாவது அனுப்புகிறார்கள்.

இப்படி ஒரு ஏற்பாடு ஏன்? 1783 ஜூனில் சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, ஃபிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா மாநில அரசு படையை அனுப்பி உதவ மறுத்தது. உறுப்பினர்கள் நியூ ஜெர்சிக்கு ஓட வேண்டியதாயிற்று. இனி எந்த மாநிலத்தின் தயவிலும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்கள், பத்து மைல் சதுரத்துக்கு மிகாத ஒரு மாவட்டத்தின் மீது காங்கிரஸுக்கு முழு அதிகாரம் என்று அரசியல் சாசனத்தில் எழுதிக்கொண்டார்கள். அங்கே குடியிருக்கப் போகிறவர்களுக்கு உள்ளூர் விஷயங்களுக்காகத் தங்கள் வாக்கால் அமையும் ஒரு சட்டமன்றம் நிச்சயம் இருக்கும் என்று ஜேம்ஸ் மேடிசன் அப்போதே எழுதினார். நிச்சயம் என்றது நிலைக்கவில்லை. 1874-லிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நியமன ஆணையர்கள்தான் நகரத்தை ஆண்டார்கள்.

அவர்களுக்கு மேலே பிரதிநிதிகள் சபையின் ஒரு குழு. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் தென் கரோலினாவின் ஜான் மெக்மில்லன். 1967-இல் வால்டர் வாஷிங்டன் என்ற கருப்பினத்தவர் நியமன மேயராக வந்து முதல் பட்ஜெட்டை அனுப்பியபோது, மெக்மில்லன் பதிலுக்கு ஒரு லாரி நிறைய தர்பூசணியை மேயர் அலுவலகத்துக்கு அனுப்பினார் என்று ஒரு கதை வாஷிங்டனில் இன்றும் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் கருப்பினத்தவரைத் தர்பூசணியை வைத்துக் கேலி செய்வது பழைய இனவெறி வழக்கம். நகரத்தில் பெரும்பான்மையோர் கருப்பினத்தவராக இருந்த காலம் அது. காங்கிரஸ் தலையிடுகிறது என்றதும் வாஷிங்டன்வாசிகளுக்கு வரும் கோபம் அந்தக் காலத்திலிருந்தே தொடர்வது.

1973 டிசம்பர் 24 அன்று ரிச்சர்ட் நிக்சன் கையெழுத்திட்ட தன்னாட்சிச் சட்டம் நகரத்துக்குத் தேர்தலில் வரும் மேயரையும் 13 பேர் கொண்ட மன்றத்தையும் கொடுத்தது. கூடவே கயிற்றின் ஒரு முனையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. மன்றம் நிறைவேற்றும் எந்தச் சட்டமும் முதலில் காங்கிரஸுக்குப் போக வேண்டும். மற்ற சட்டங்களுக்கு 30 நாள், குற்றவியல் சட்டங்களுக்கு 60 நாள். அதுவும் நம் காலண்டர் நாள் இல்லை. சனி, ஞாயிறு, விடுமுறை, சபை கூடாத நாள் எல்லாம் கழித்துத்தான் எண்ணுவார்கள். அந்த அவகாசத்துக்குள் இரு அவைகளும் எதிர்த் தீர்மானம் நிறைவேற்றி அதிபரும் ஒப்பமிட்டால் சட்டம் செத்தது.

சரி, 2022-இல் நகரம் எதைத்தான் மாற்றப் பார்த்தது? வாஷிங்டனின் குற்றவியல் சட்டத்தின் அடித்தளம் 1901-இல் காங்கிரஸ் எழுதிக் கொடுத்தது. அதன் மேல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்திருக்கிறார்கள். தெருவில் பந்து விளையாடுவது குற்றம் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. கம்பாலோ கைத்தடியாலோ பந்தையோ கல்லையோ அடித்து ஆடும் பேண்டி, ஷிண்டி என்ற விளையாட்டுகளைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. நம் ஊர்த் தெரு கிரிக்கெட் மொத்தமும் அந்தப் பிரிவில் உள்ளே போயிருக்கும்.

இது சிரித்துவிட்டுக் கடந்துவிடக்கூடிய விஷயம். சிரிக்க முடியாதது, சாதாரணத் தாக்குதல் பற்றிய பிரிவு. இரயில் நிலையத்தில் இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு முற்றி ஒருவர் மற்றவரைத் தள்ளிவிடுகிறார் என்று வையுங்கள். சட்டவிரோதமாகத் தாக்குபவர் அல்லது மிரட்டுபவர் 180 நாள் வரை சிறை போகலாம் என்கிறது சட்டம். தாக்குதல் என்றால் என்ன? அதைச் சட்டம் சொல்லவில்லை. நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புகளைத் துருவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த 180 என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு குற்றத்துக்கு உச்ச தண்டனை 180 நாளைத் தாண்டினால்தான் அங்கே ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழு, கேட்கும் உரிமை. 1990களில் நகரம் பல சிறு குற்றங்களின் உச்ச தண்டனையை ஓராண்டிலிருந்து சரியாக 180 நாளுக்கு இறக்கியது. தண்டனை குறைந்தது என்று பார்த்தால் நல்ல விஷயம் போலத் தெரியும்; உண்மையில் ஜூரியைத் தவிர்த்து, நீதிபதி ஒருவரை மட்டும் வைத்து வழக்கைச் சீக்கிரம் முடிப்பதற்கான ஏற்பாடு அது. 2018-இல் நகரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு முடிச்சைப் போட்டது: தண்டனை கிடைத்தால் நாடு கடத்தப்படும் அபாயம் உள்ளவருக்கு, 180 நாள் குற்றமானாலும் ஜூரி உண்டு. ஆக, அதே தள்ளுமுள்ளு வழக்கில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் நாடு கடத்தப்படும் நிலை இருந்தால் ஜூரி கேட்கலாம், அமெரிக்கக் குடிமகன் கேட்க முடியாது.

1960களிலிருந்து பல மாநிலங்கள் தங்கள் குற்றவியல் சட்டங்களை முழுசாகத் திருத்தி எழுதிவிட்டன. வாஷிங்டன் எழுதவில்லை. தன்னாட்சி கொடுத்தபோதே, முதல் சில ஆண்டுகளுக்குக் குற்றவியல் சட்டத்தைத் தொடாதே என்று காங்கிரஸ் தடுத்து வைத்திருந்தது. பின்னால் அதிகாரம் கைக்கு வந்தபோதும் மன்றம் துண்டு துண்டாகத்தான் செய்தது. 2016-இல் இதற்கென்றே ஒரு ஆணையம் அமைந்தது. அதன் ஆலோசனைக் குழுவில் அரசு வழக்கறிஞர்கள் தரப்பும் இருந்தது, ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர்கள் தரப்பும் இருந்தது. 2021 மார்ச்சில் பரிந்துரை வந்தது. 2022 நவம்பரில் மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. உடனே அமல் இல்லை. போலீஸும் நீதிமன்றமும் தயாராக வேண்டுமே என்று 2025 அக்டோபர் 1 என நாள் குறித்தார்கள்.

உள்ளே என்ன இருந்தது? ஒவ்வொரு குற்றத்துக்கும் தெளிவான வரையறை, கடுமைக்கேற்பப் படிநிலைகள். முதல் நிலைக் கொலை தவிர மற்றவற்றுக்குக் கட்டாயக் குறைந்தபட்ச தண்டனை கிடையாது. சிறு குற்றங்களுக்குப் படிப்படியாக ஜூரி உரிமை. நீண்ட காலம் சிறையில் கழித்தவர் தண்டனையை மறுபடி பரிசீலிக்கக் கேட்கும் வாய்ப்பு. இன்னொரு பக்கம், கொலை முயற்சிக்கான உச்ச தண்டனை 5 ஆண்டிலிருந்து 20-க்கும் மேலே போனது. இந்தக் கடைசி விஷயத்தைத் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் சீந்தவில்லை.

எல்லோரும் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு எண்ணைத்தான். ஆயுதத்தைக் காட்டிக் காரைப் பறிப்பதற்குப் பழைய சட்டத்தில் 15 முதல் 40 ஆண்டு வரை சிறை. புதியதில் உச்சம் 24. நாற்பதை இருபத்துநான்காகக் குறைக்கிறார்கள், அதுவும் கார் பறிப்பு பெருகும் நேரத்தில்! தேர்தல் விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நடைமுறையில் நீதிபதிகள் பெரும்பாலும் 15 ஆண்டையொட்டித்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள், 40 என்பது காகிதத்தில் மட்டும் என்று மன்றத் தரப்பு சொல்லிப் பார்த்தது. ரத்துத் தீர்மானத்தைக் கொண்டுவந்த ஆண்ட்ரூ கிளைட் ஜார்ஜியா மாநிலத்துக்காரர். அவருடைய மாநிலத்தில் இதே குற்றத்துக்கு முதல் முறை சிக்கியவருக்கு உச்சம் 20 ஆண்டு. வாஷிங்டன் குறைத்த பிறகும் ஜார்ஜியாவைவிடக் கடுமையாகத்தான் இருந்திருக்கும். இந்த வாதம் சரியானது, ஆனால் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். நாற்பது, இருபத்துநான்கு என்று சொல்ல இரண்டு நொடி போதும்.

பழியை எல்லாம் காங்கிரஸ் மீதே போட்டுவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. மேயர் மியூரியல் பவுசர் இந்தச் சட்டத்தில் 95 சதவீதம் எனக்குச் சம்மதம் என்றவர். ஆனாலும் 2023 ஜனவரியில் வீட்டோ செய்தார். மன்றமும் மேயரும் கலந்து பேசி, சர்ச்சைக்குரிய இரண்டு மூன்று பிரிவுகளை ஒத்திப்போட்டிருந்தால் மீதி அத்தனையும் பிழைத்திருக்கலாம். மன்றம் இரண்டே வாரத்தில் 12-1 என்று வீட்டோவைத் தள்ளியது. நகரத்தின் மேயரே பாதுகாப்புக்கு ஆகாது என்கிறார், நாங்கள் அவர் சொல்வதைத்தானே செய்கிறோம் என்று காங்கிரஸில் இருப்பவர்கள் சொல்ல அதுவே வழி திறந்தது. ஜூரி விஷயத்திலும் மேயரின் கவலை நியாயமானது. நகர நீதிமன்றத்தில் அப்போது பத்துக்கும் மேற்பட்ட நீதிபதி இடங்கள் காலி. ஆனால் அந்த நீதிபதிகளை நியமிப்பது அதிபர், உறுதி செய்வது செனட். நிரப்ப வேண்டியவர்கள் நிரப்பாததற்கும் நகரம்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 9 அன்று பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு. அதே காலையில்தான் மின்னசோட்டாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஆஞ்சி கிரெய்க், தன் வாஷிங்டன் அடுக்ககத்தின் லிஃப்டில் தாக்கப்பட்டார். ரத்துக்கு ஆதரவாக 250, எதிராக 173. ஆதரித்தவர்களில் 31 பேர் ஜனநாயகக் கட்சியினர். எதிர்த்த 173 பேரும் அதே கட்சி. வெள்ளை மாளிகை தீர்மானத்தை எதிர்த்து அறிக்கை விட்டிருந்ததால், எப்படியும் பைடன் வீட்டோ செய்வார் என்று நம்பி வாக்களித்தவர்கள் அவர்கள்.

பிப்ரவரி 28-இல் சிகாகோ மேயர் லோரி லைட்ஃபுட் மறுதேர்தலில் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார். குற்றம்தான் அங்கே பெரிய பேச்சு. இரண்டு நாள் கழித்து, மார்ச் 2 அன்று, பைடன் செனட் உறுப்பினர்களைச் சந்தித்து, தீர்மானம் வந்தால் கையெழுத்திடுவேன் என்றார். வாஷிங்டன் மாநிலமாவதையும் தன்னாட்சியையும் நான் ஆதரிக்கிறேன், ஆனால் மேயரின் எதிர்ப்பை மீறிக் கார் பறிப்புத் தண்டனையைக் குறைப்பது போன்ற மாற்றங்களை ஆதரிக்கவில்லை என்பது அவர் விளக்கம். தன்னாட்சியின் பொருளே, எனக்குப் பிடிக்காத சட்டத்தையும் நீ போட்டுக்கொள்ளலாம் என்பதுதானே! அந்த 173 பேரின் நிலைமைதான் பரிதாபம். அடுத்த தேர்தலில் குற்றவாளிகளுக்கு ஆதரவாக வாக்களித்தவர் என்ற விளம்பரத்தைச் சுமந்தார்கள், பலன் எதுவும் இல்லாமல்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒரு சட்டம் நேரடியாக ரத்தானதில்லை. அதற்காகக் காங்கிரஸ் சும்மா இருந்தது என்று அர்த்தமில்லை. 1981-இல் மன்றம் பாலியல் குற்றச் சட்டத்தைத் திருத்தியது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் ஒருபால் உறவு குற்றமில்லை என்பது அதில் அடக்கம். மத வலதுசாரி அமைப்புகள் கொதித்தெழ, பிரதிநிதிகள் சபை 281-119 என்று அதை வீழ்த்தியது. அன்றைய விதிப்படி குற்றவியல் சட்டத்தைக் கொல்ல ஒரு அவையே போதும். அந்தச் சட்டப்பிரிவு நீங்க 1993 வரை நகரம் காத்திருந்தது.

அந்த ஒரு அவை விதி மாறக் காரணம், கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஜகதீஷ் ராய் சட்டா. அவரை நாடு கடத்துவதை அதிகாரிகள் நிறுத்தி வைத்ததைப் பிரதிநிதிகள் சபை மட்டும் தனியாகத் தீர்மானம் போட்டுக் கவிழ்த்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 1983-இல் உச்ச நீதிமன்றம், ஒரு அவை மட்டும் இப்படி வீட்டோ செய்வது செல்லாது என்றது. அதைத் தொடர்ந்துதான் வாஷிங்டன் விஷயத்திலும் இரு அவை, அதிபர் கையெழுத்து என்று திருத்தினார்கள்.

ஆனால் ரத்துத் தீர்மானத்தைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு: செலவு மசோதாவில் ஒரு வரியைச் சொருகிவிடுவது. 1998 நவம்பரில் மருத்துவத்துக்குக் கஞ்சா அனுமதிக்கலாமா என்று நகரில் வாக்கெடுப்பு நடந்தது. ஜார்ஜியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பாப் பார் சொருகிய வரி, அதற்கு நகரம் பணம் செலவழிக்கக் கூடாது என்றது. விளைவு, போட்ட வாக்குகளின் முடிவைக்கூட வெளியிட முடியவில்லை. 1999 செப்டம்பரில் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 69 சதவீதம் ஆதரவு என்று தெரிந்தது. தெரிந்தும் என்ன, சட்டம் அமலாகாமல் இன்னும் பத்தாண்டு தடுக்கப்பட்டது. அதே பாப் பார் பிற்காலத்தில் கஞ்சா சீர்திருத்த அமைப்பு ஒன்றுக்காகக் காங்கிரஸில் ஆதரவு திரட்டப் போனார். 2014-இல் மக்கள் சொந்த உபயோகத்துக்கும் அனுமதித்தார்கள். வைத்திருக்கலாம், இனாமாகக் கொடுக்கலாம்; விற்பனையை ஒழுங்குபடுத்த நகரத்துக்குப் பணம் செலவிடத் தடை, மறுபடி ஒரு சொருகல் வரி. அப்புறம் என்ன நடக்கும்? கடைக்காரர் 50 டாலருக்கு ஒரு ஸ்டிக்கர் விற்பார், கூடவே ஒரு பொட்டலம் இனாம். பல ஆண்டுகள் இந்த வியாபாரம் அங்கே பட்டப்பகலில் நடந்தது.

மறுபக்கமும் உண்டு. 1992-இல் அலபாமா செனட்டர் ஒருவரின் உதவியாளர் வாஷிங்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரத்துக்கு மரண தண்டனை வேண்டுமா என்று பொது வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று காங்கிரஸ் கட்டளையிட்டது. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்றார்கள்.

இதையெல்லாம் படிக்கும் ஒருவர், சரி, குற்ற விஷயத்தில் நகரத்தின் கையில் மீதி என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயது வந்தவர்களின் பெரிய குற்ற வழக்குகளை நடத்துபவர் நகரம் தேர்ந்தெடுத்த வழக்கறிஞர் அல்ல, அதிபர் நியமிக்கும் மத்திய அரசு வழக்கறிஞர். நீதிபதிகளும் அதிபர் நியமனம். நகரத்தின் லார்ட்டன் சிறை 2001-இல் மூடப்பட்டு, பெரிய குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் நாடெங்கும் உள்ள மத்தியச் சிறைகளுக்குப் போகிறார்கள். வழக்கு, தீர்ப்பு, சிறை மூன்றும் மத்திய அரசிடம். நகரத்திடம் மிச்சம் இருந்தவை போலீஸும் சட்டத்தின் வாசகமும். 2023-இல் அந்த வாசகத்தில்தான் கை வைத்தார்கள்.

அந்த நேரத்தில் நகரின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 2022 நிதியாண்டில் நகர நீதிமன்றத்துக்கு வரவேண்டிய கைதுகளில் 67 சதவீதத்தை மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் வழக்காகவே எடுக்கவில்லை. நகரத்தின் தடய ஆய்வகம் 2021-இல் அங்கீகாரம் இழந்ததும் அதற்கு ஒரு காரணம். அது நகரத்தின் சொந்தத் தவறு. பிடிபட்டவர் மூவரில் இருவர் மீது வழக்கே இல்லாதபோது, உச்ச தண்டனை 24-ஆ 40-ஆ என்பது துப்பாக்கியோடு தெருவில் நிற்பவனுக்கு எவ்வளவு முக்கியம்? 2023-இல் வாஷிங்டனில் 274 கொலைகள், 1997-க்குப் பிறகு அதிகம். கார் பறிப்பு 950-ஐத் தாண்டியது. அக்டோபரில் டெக்சாஸ் உறுப்பினர் ஹென்றி குயெல்லரின் காரையே துப்பாக்கியைக் காட்டிப் பறித்தார்கள். இவ்வளவும் நடந்தது அந்த 40 ஆண்டு சட்டம் அமலில் இருக்கும்போது.

மன்றம் பாடம் படித்துக்கொண்டது என்பதா, பயந்தது என்பதா தெரியவில்லை. 2024 மார்ச்சில் தண்டனைகளைக் கூட்டும் ஒரு சட்டத்தை அதுவே போட்டது. அந்த ஆண்டு கொலைகள் 187 ஆகக் குறைந்தன. இடையில் காங்கிரஸ் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் ஒன்றையும் ரத்து செய்யத் தீர்மானம் போட, பைடன் 2023 மே 25 அன்று, போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் மூன்றாவது நினைவு நாளில், வீட்டோ செய்தார். எந்தத் தீர்மானத்தில் கையெழுத்து, எதில் வீட்டோ என்பதற்கு நான் பார்த்தவரை ஒரே அளவுகோல் எந்தப் படம் டிவியில் மோசமாகத் தெரியும் என்பதுதான்.

2025 ஆகஸ்ட் 11-இல் டொனால்டு டிரம்ப் தன்னாட்சிச் சட்டத்தின் 740-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, 30 நாளுக்கு நகரப் போலீஸைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். எந்த அதிபரும் அதுவரை அந்தப் பிரிவைத் தொட்டதில்லை. தேசியக் காவல் படையும் தெருவில் இறங்கியது. செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை, 14 வயதுப் பையன்களையும் கடும் குற்றங்களுக்குப் பெரியவர்களாக விசாரிக்க வழி செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. மன்றம் எழுதியதை அழிப்பதோடு நின்றிருந்த காங்கிரஸ், இப்போது நகரத்துக்குத் தானே எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது, 1901 போல.

புதிய சட்டத் தொகுப்பு அமலுக்கு வர வேண்டிய 2025 அக்டோபர் 1 வந்தது. காவல் படை வீரர்கள் இன்னும் தெருவில் இருந்தார்கள். பட்ஜெட் நிறைவேறாததால் அன்று அதிகாலையிலிருந்து மத்திய அரசு அலுவலகங்கள் முடங்கின. நகர நீதிமன்றம் வழக்கம்போல் இயங்கியது. சாதாரணத் தாக்குதலுக்கு உச்ச தண்டனை 180 நாள், ஜூரி கிடையாது.